இரண்டு பில், ஒரே பாலம்

"மோடத்துல செவப்பு லைட்டு எரியுது தம்பி."

மன்னார்குடியில் கேபிள் டி.வி.யில் தொடங்கி இன்று ஃபைபர் இன்டர்நெட் வரை இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இந்த வாக்கியத்தைக் கேட்காமல் எனக்கு ஒரு நாளும் போனதில்லை. வைக்கோல் ஏற்றிய லாரி உயரம் தெரியாமல் கேபிளை இழுத்துக்கொண்டு போயிருக்கும். அணில் கடித்திருக்கும். தென்னை மட்டை விழுந்திருக்கும். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய ஜே.சி.பி.யின் பல்லில் எங்கள் ஃபைபர் மாட்டியிருக்கும். ஓ.டி.டி.ஆர். கருவியை மாட்டினால் எத்தனையாவது மீட்டரில் அறுந்திருக்கிறது என்று காட்டிவிடும். ஸ்ப்ளைஸ் போடும் அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு போய் ஒரு மணி நேரத்தில் ஒட்டிவிட்டு வந்துவிடுவார். அந்த ஒரு மணி நேரமும் எட்டு வீடோ பதினாறு வீடோ இணையம் இல்லாமல் இருக்கும். பக்கத்துத் தெருவுக்கு விஷயமே தெரியாது.

2021 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது வேறு. அன்றைக்கு எந்த வீட்டு மோடத்திலும் சிவப்பு விளக்கு எரியவில்லை. எல்லாம் பச்சை. ஆனால் எதுவும் திறக்கவில்லை. பச்சையாக எரிந்தும் நெட் இல்லை என்றால் வீட்டுக்கு வரும் கம்பி நன்றாக இருக்கிறது, எங்கள் அறையிலிருந்து வெளியுலகத்துக்குப் போகும் கம்பி போய்விட்டது என்று அர்த்தம். அதற்காகத்தான் எங்களிடம் இரண்டு அப்லிங்க் இருந்தன. ஒன்று தஞ்சாவூரிலிருந்து ஒரு கம்பெனி கொடுத்தது. இன்னொன்று கும்பகோணம் பக்கமிருந்து வேறொரு கம்பெனி கொடுத்தது. ஒன்று போனால் மற்றொன்று தாங்கும் என்றுதான் மாதா மாதம் இரண்டு பேருக்கும் பணம் கட்டி வந்தேன்.

இரண்டு லைனிலும் ஓ.டி.டி.ஆர். மாட்டிப் பார்த்தேன். இரண்டும் அறுந்திருந்தன. இரண்டு தூரத்துக்கும் பத்து மீட்டர் கூட வித்தியாசம் இல்லை.

அண்ணனும் நானும் போய்ப் பார்த்தோம். ஊருக்கு வெளியே உள்ள ஒரு பாலம். கோடையில் ஆற்றுக்குள் தண்ணீர் இல்லை. கோரையும் நாணலும் காய்ந்து கிடந்தன. யாரோ குப்பைக்கு வைத்த தீ அதில் பற்றி, பாலத்தின் பக்கவாட்டில் கிளாம்ப் போட்டுக் கட்டியிருந்த குழாய்களை உருக்கியிருந்தது. கறுப்புக் குழாய்கள் வரிசையாகத் தொங்கின. அதில் இரண்டாவது கம்பெனி தன் கடைசி சில கிலோமீட்டருக்கு வேறு யாரிடமோ வாடகைக்கு எடுத்த ஃபைபரும் இருந்தது. காகிதத்தில் கும்பகோணம் வழி. தரையில் தஞ்சாவூர் லைனுக்குப் பக்கத்துக் குழாய். அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பில்லு கட்டுன தம்பி. பாலம் ஒண்ணுதான்."

திங்கட்கிழமை காலை வரை ஊரில் எங்கள் கனெக்‌ஷன் எதிலும் இணையம் இல்லை. பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு நடந்துகொண்டிருந்த காலம் அது. அதற்கு முந்தைய வருடம் முழுவதும் நடந்த அத்தனை அறுப்புகளையும் கூட்டினாலும் அந்த ஒரு தீ செய்த பாதிப்புக்கு ஈடாகாது. நான்கைந்து நாள் சரியாகத் தூங்கவில்லை. தினம் ஒன்று அறுகிறது, வலை அசையாமல் நிற்கிறது. ஒரே இடத்தில் ஒரு தீ, எல்லாம் படுத்துவிடுகிறது. இது ஏன் என்பதை முறையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

என் அக்கா மகன் திருச்சியில் கம்ப்யூட்டர் படித்தவன். அவனிடம் புலம்பினேன். மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டுரை அனுப்பினான். கூடவே ஒரு வரி: "மாமா, உங்க பாலத்தைப் பத்தி 2000-லயே எழுதிட்டாங்க."

அது அமெரிக்காவில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் இருந்த ரேகா ஆல்பர்ட், ஹாவூங் ஜியோங், ஆல்பர்ட் லாஸ்லோ பராபாசி மூவரும் 2000 ஜூலையில் நேச்சர் இதழில் எழுதிய சின்னக் கட்டுரை. என் ஆங்கிலத்துக்கு மூன்று இரவு பிடித்தது. அவர்கள் செய்த வேலை என்னவோ எளிமையானதுதான். ஒரு வலையை எடுத்துக்கொள்கிறார்கள். அதன் முடிச்சுகளை, அதாவது இணைப்புகள் சேரும் இடங்களை, ஒவ்வொன்றாக நீக்குகிறார்கள். ஒரு தடவை கண்ணைக் கட்டிக்கொண்டு, கைக்கு வந்ததை நீக்குவது. இன்னொரு தடவை அதிக இணைப்பு உள்ள முடிச்சாகப் பார்த்து, பெரியதிலிருந்து வரிசையாக நீக்குவது. ஒவ்வொரு முறையும் மிச்சமிருக்கும் வலையில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக சராசரியாக எத்தனை தாவல் ஆகிறது, வலை எப்போது துண்டு துண்டாகிறது என்று பார்க்கிறார்கள்.

முடிச்சுகளுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு இணைப்பு இருக்கும் வலையில் இந்த இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மீன் வலையில் எந்த முடிச்சை வெட்டினாலும் ஒன்றுதானே. ஆனால் இணையம் அப்படிப்பட்ட வலை இல்லை. அதில் மிகப் பெரும்பாலான முடிச்சுகளுக்கு ஒன்றிரண்டு இணைப்புதான். ஒரு சிலவற்றுக்கு மட்டும் நூற்றுக்கணக்கில். புதிதாக வருகிறவர் ஏற்கெனவே நிறையப் பேர் சேர்ந்திருக்கும் இடத்தில்தான் சேர விரும்புவார் என்பதால் வலை இப்படி வளர்கிறது என்று பராபாசியும் ஆல்பர்ட்டும் 1999-லேயே காட்டியிருந்தார்கள். அன்றைய இணையத்தின் வரைபடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நூற்றுக்கு இரண்டரை முடிச்சுகளை நீக்கியபோது அந்தத் தாவல் தூரம் மாறவே இல்லை. அதே இரண்டரை சதவீதத்தைப் பெரியதாகப் பார்த்து நீக்கியபோது தூரம் மூன்று மடங்குக்கு மேல் ஏறியது.

அதே வருடம் ரூவன் கோஹன், ஷ்லோமோ ஹாவ்லின் முதலானவர்கள் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். இணையம் மாதிரியான வலையில் கண்ணை மூடிக்கொண்டு நீக்கினால் நூற்றில் 99 முடிச்சு போன பிறகும் மீதியிருப்பதில் ஒரு பெரிய துண்டு ஒட்டிக்கொண்டே இருக்கும். முதலில் எனக்கு நம்ப முடியவில்லை. அப்புறம் எங்கள் தெருக்களை நினைத்துப் பார்த்தேன். நூறு பெட்டியில் தொண்ணூற்றைந்து பெட்டி தெருக்கோடிப் பெட்டி. கண்ணை மூடிக்கொண்டு கல் எறிந்தால் அது கோடிப் பெட்டியில்தான் விழும். பெரிய பெட்டி மேல் விழுவது அபூர்வம். இருபது வருடமாக வைக்கோல் லாரியும் அணிலும் எங்கள் வலையில் எறிந்தது இந்தக் கல்லைத்தான்.

சரி, எங்கள் வலையையே போட்டுப் பார்க்கலாம் என்று அக்கா மகன் ஒரு சனிக்கிழமை வந்தான். ஒவ்வொரு ஜாயிண்ட் பாக்ஸ், ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஒவ்வொரு ஸ்ப்ளிட்டர், எல்லா வீட்டு ஃபைபரும் வந்து சேரும் எங்கள் அறையிலிருக்கும் ஓ.எல்.டி. கருவி, வெளியே போகும் இரண்டு லைன் என்று மொத்தம் 173 முடிச்சு வந்தது. பைத்தானில் சின்ன நிரல் எழுதினான். கண்ணை மூடிக்கொண்டு பத்து முடிச்சுகளை நீக்கு, எத்தனை வீட்டில் நெட் போகிறது என்று எண்ணு, ஆயிரம் முறை திரும்பச் செய். பெரும்பாலான முறை நூற்றில் பத்துப் பதினைந்து வீடுதான் போனது. அப்புறம் பெரியதாகப் பார்த்து மூன்றே முடிச்சு நீக்கச் சொன்னோம். பாதி ஊர் போய்விட்டது. அக்கா மகனுக்குச் சந்தோஷம், கட்டுரை சொன்னதே வந்துவிட்டது என்று.

எனக்கு இல்லை. அந்தப் படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பாலம் எங்கே?

வெளியே போகும் லைன் இரண்டையும் இரண்டு தனித்தனிக் கோடாகத்தான் வரைந்திருந்தோம். ஒன்றை நீக்கினால் மற்றொன்று தாங்கியது. நிரல் ஆயிரம் முறை ஓடியும் எங்களுக்கு உண்மையில் நடந்த விபத்து ஒரு முறைகூட நடக்கவில்லை, ஏனென்றால் அது நடக்க வேண்டிய இடம் படத்திலேயே இல்லை. பாலத்தை நாங்கள் ஒரு முடிச்சாக எண்ணவில்லை. அது எங்கள் பொருள் இல்லை, அதில் எங்கள் பெட்டி எதுவும் இல்லை, அதற்கு எங்கள் பட்டியலில் எண் கிடையாது. ஆனால் வலையில் அதைவிடப் பெரிய முடிச்சு வேறெதுவும் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஓர் எண்ணம் உறுதியாகிவிட்டது. எத்தனை அறுந்தாலும் தாங்கும் என்று ஒருவர் சொன்னால், எதையெல்லாம் முடிச்சாக எண்ணினீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. கட்டுரையில் தற்செயல் என்றால் எல்லா முடிச்சின் மேலும் ஒரே மாதிரி விழுவது. ஊரில் அப்படி விழுவதில்லை. பாலத்தில்தான் எல்லாருடைய குழாயும் போகிறது, பாலத்துக்கடியில்தான் எல்லாரும் குப்பை கொட்டுகிறார்கள், பாலத்தைத்தான் அகலப்படுத்துகிறார்கள். யாரும் குறிவைக்காமலேயே குறிவைத்த மாதிரி அடி விழுகிறது. எங்கள் பாலத்தை எரித்தவருக்கு எங்கள் பேர்கூடத் தெரிந்திருக்காது.

அறிஞர்களுக்குள்ளும் இப்படி ஒரு வாதம் நடந்திருக்கிறது என்று பிறகு தெரிந்தது. கால்டெக் நிறுவனத்தின் ஜான் டாயிலும் அவர் கூட்டாளிகளும் 2005-ல் எழுதிய கட்டுரை அது. ரவுட்டர் என்பது தகவலை வழி பார்த்து அனுப்பும் பெட்டி. அது மொத்தமாகத் தாங்கக்கூடிய வேகத்துக்கு ஓர் அளவு உண்டு. அதை நிறைய மெதுவான வாய்களாகப் பிரித்துக் கொடுக்கலாம், அல்லது சில வேகமான வாய்களாக வைத்துக்கொள்ளலாம். ஆகவே நிறைய இணைப்புள்ள ரவுட்டர்கள் வலையின் ஓரத்தில், வாடிக்கையாளர்கள் பக்கம் இருக்கும். நடுவில் இருப்பவை வேகமானவை, ஆனால் எண்ணிக்கையில் குறைந்த இணைப்பு உள்ளவை. இணைப்பை மட்டும் எண்ணி இதுதான் இணையத்தின் உயிர்நிலை என்று ஒரு ரவுட்டரைச் சுட்டினால் தவறாகிவிடும் என்று அவர்கள் சொன்னார்கள். கம்பி இழுக்கிறவனாக எனக்கு இந்த வாதம் உடனே பிடித்துவிட்டது. எங்கள் படத்திலும் அதிக இணைப்புள்ள ஒரு ஸ்ப்ளிட்டர் பெட்டி காந்தி ரோட்டுப் பக்கம் இருக்கிறது. அது போனால் அந்தத் தெருவோடு சரி. 

அவர்கள் சொன்ன இன்னொரு விஷயம், இணையத்தின் பலவீனம் கம்பியைவிட அதன் மேல் ஓடும் புரோட்டோகால்களில், அதாவது கருவிகள் ஒன்றோடொன்று பேசும் விதிமுறைகளில் இருக்கிறது என்பது. 2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணிக்குப் பிறகு வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒன்றாக நின்றது நினைவிருக்கும். எங்கள் ஆபீஸ் போன் விடாமல் அடித்தது. எங்கள் லைன்தான் போய்விட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். எங்கும் ஒரு கம்பிகூட அறவில்லை. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை இந்த மூன்றையும் நடத்தும் நிறுவனத்தின் உள் இணைப்புகளை இறக்கிவிட்டது. அதைக் கண்டு, தளத்தின் பெயரைச் சொன்னால் முகவரி சொல்லும் அதன் பெயர் சர்வர்கள் தங்களுக்கு வரும் வழி அறிவிப்பைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டன. உலகத்துக்கு அந்த முகவரிகளே மறந்துபோயின. ஆறு மணி நேரம். சரிசெய்ய உள்ளே போக வேண்டிய கருவிகளும் அதே வலையை நம்பியிருந்ததால் இன்னும் தாமதம். எங்கள் பாலம் மாதிரி, அந்த ஒரு கட்டளையையும் யாரும் படத்தில் முடிச்சாக வரைந்திருக்க மாட்டார்கள்.

இதை எழுதும்போது கஜாவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த புயல். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று தென்னந்தோப்புகளை அப்படியே மடக்கிப் போட்டது. எங்கள் கம்பம், மின்வாரியக் கம்பம் எல்லாம் சாலையில் கிடந்தன. வலை பற்றிப் படித்த கண்ணோடு இப்போது யோசித்தால் அது கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல்தான், ஒன்று இல்லை, ஆயிரக்கணக்கில். அப்படியிருந்தும் ஊருக்குள் மண்ணுக்கடியில் போன எங்கள் முக்கிய ஃபைபர் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. ஓ.எல்.டி. நன்றாக இருந்தது. மின்சாரம் இல்லை. முதல் இரண்டு நாள் ஜெனரேட்டர். டீசல் வாங்கப் போனால் பங்கில் மோட்டார் ஓட மின்சாரம் இல்லை. செல்போன் டவர்களும் பேட்டரி தீர்ந்து, டீசல் தீர்ந்து ஒவ்வொன்றாக அடங்கின. செல்போன் இல்லாததால் எந்தப் பகுதியில் எத்தனை கம்பம் சாய்ந்திருக்கிறது என்று மின்வாரிய ஊழியர்களுக்குச் சொல்ல வழியில்லை. வெளியூர்களிலிருந்து வந்து எங்கள் ஊரில் வாரக்கணக்கில் கம்பம் நட்ட அந்த ஊழியர்களை என் வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டேன். சேற்று வயலில் இடுப்பளவு நின்று தோளில் கம்பம் தூக்கினார்கள். ஆனால் சேதி சொல்லக்கூட அவர்கள் ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. மின்சாரத்துக்குப் போன் வேண்டும், போனுக்கு மின்சாரம் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விழுந்தன.

இதற்கும் ஒரு கட்டுரை இருக்கிறது. 2003 செப்டம்பர் 28 அதிகாலை இத்தாலி கிட்டத்தட்ட முழுவதும் இருண்டது. சார்டினியா தீவு மட்டும் தப்பியது. தொடக்கம் சுவிட்சர்லாந்தில் ஒரு மின்பாதை மரத்தின் மேல் தீப்பொறி அடித்து நின்றுபோனது. மின்நிலையம் நின்றால் அதை நம்பிய தகவல் வலையின் முடிச்சு நிற்கும். தகவல் முடிச்சு நின்றால் அது கட்டுப்படுத்திய இன்னொரு மின்நிலையம் நிற்கும். செர்கேய் புல்திரெவ், ஹாவ்லின் முதலானவர்கள் 2010-ல் இதை ஆராய்ந்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். தனியாக நிற்கும்போது தற்செயல் அடியை மிக நன்றாகத் தாங்கும் அதே பெரிய முடிச்சு, சின்ன முடிச்சு வகை வலைகள், ஒன்றையொன்று சார்ந்து நிற்கும்போது தற்செயல் அடிக்கே சீக்கிரம் விழுகின்றன. ஒரு வலையின் பெரிய முடிச்சு மற்ற வலையின் ஏதோ ஒரு சின்ன முடிச்சை நம்பியிருக்கக்கூடும். அந்தச் சின்னது தற்செயலாகப் போனால் பெரியதும் போகிறது. நான் இதைப் படித்தபோது என் கண் முன்னால் நின்றது ஒரு டீசல் பங்க்.

அதற்காக எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துவிடவும் முடியாது. 2012 ஜூலை 30, 31 இரண்டு நாளும் வட இந்தியாவில் மின்தொகுப்பு விழுந்ததே, இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து அறுபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் இருட்டில் இருந்தார்கள். தெற்கு விழவில்லை. அன்றைக்குத் தெற்குத் தொகுப்பு மற்றவற்றோடு ஒரே துடிப்பில் இணையாமல் நேர்மின்சார இணைப்புகள் வழியாக மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. வடக்கின் தள்ளாட்டம் அந்த இணைப்பைத் தாண்டி வரவில்லை. ஆனால் அதே காரணத்தால் எங்களுக்குப் பற்றாக்குறை வந்தபோது அங்கிருந்து வேண்டிய அளவு எடுக்கவும் முடியவில்லை. அந்த வருடம் தமிழ்நாட்டில் எத்தனை மணி நேரம் மின்வெட்டு இருந்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் பாதை வழியாகத் தெற்கும் சேர்ந்தது. உதவி வரும் வழியில்தான் தொல்லையும் வரும். எந்த வழியை எந்த நேரத்தில் மூடுவது என்று முன்னாலேயே தீர்மானித்து வைப்பதுதான் அந்தத் தொழிலில் இருப்பவர்களின் திறமை என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் இரவு இதையெல்லாம் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கிராம சுகாதார செவிலியர். பெரிய முடிச்சை அடித்தால் வலை உடையும் என்றதும், "நோய்க்கும் அதானேங்க?" என்றாள். தொற்று பரவுவதும் ஒரு வலையில்தான். அந்த வலை உடைந்தால் நமக்கு நல்லது. நிறையப் பேரோடு பழகுகிறவருக்கு முதலில் தடுப்பூசி போட்டால் குறைந்த ஊசியிலேயே பரவல் அறும். "ஆனா ஊர்ல யாரு நிறைய பேரோட பழகுறாங்கன்னு உன்கிட்ட ஏது லிஸ்ட்டு?" என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "லிஸ்ட்டு எதுக்கு? ஏதாச்சும் ஒரு வீட்டுல போயி, உங்க வீட்டுக்கு வந்து போறவங்க யாருன்னு கேட்டா, பூக்காரம்மா, பால்காரர், டியூஷன் எடுக்குற டீச்சருன்னு சொல்லுவாங்க. இன்னொரு வீட்டுலயும் அதே பூக்காரம்மாவைத்தான் சொல்லுவாங்க."

கோஹன், ஹாவ்லின், பென் அவ்ராஹம் மூவரும் 2003-ல் எழுதியது இதைத்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைத் தேர்ந்தெடு; ஊசியை அவருக்குப் போடாதே; அவருக்குத் தெரிந்தவர்களில் ஒருவருக்குப் போடு. நிறையப் பேருக்குத் தெரிந்தவர்தான் நிறையப் பேர் வாயில் வருவார் என்பதால், வலையின் படமே கையில் இல்லாமல் பெரிய முடிச்சுகளிடம் போய்ச் சேர்ந்துவிடலாம். ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் 1991-லேயே காட்டியிருந்தார், நம் நண்பர்களுக்குச் சராசரியாக நம்மைவிட அதிக நண்பர்கள் இருப்பார்கள் என்று. பாலத்தைக் காப்பாற்றப் படித்த கணக்கு பூக்காரம்மாவைத் தேடவும் உதவுகிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சியாக இருந்தது. என் மனைவிக்கு அது கட்டுரையில் இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டாகவே இல்லை.

அப்புறம் வேலையைப் பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் வலை எப்படி அமைந்திருக்கிறது என்று டெல்டாக்காரனுக்கு விளக்க ஆற்றைக் காட்டினால் போதும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் பிரிகிறது. வெண்ணாறு நீடாமங்கலத்துப் பக்கம் மூணாறு தலைப்பில் மறுபடி பிரிந்து கோரையாறும் எங்கள் பாமணியாறும் கிளம்புகின்றன. அதிலிருந்து வாய்க்கால், அதிலிருந்து கன்னி வாய்க்கால், கடைசியில் கடைமடை. இது மரம். கிளையிலிருந்து கிளை. எங்கே அடைத்தாலும் அதற்குக் கீழே தண்ணீர் இல்லை, வேறு வழியாகச் சுற்றி வராது. கடைமடையில் நிலம் வைத்திருந்த என் அப்பாவுக்கு இது ஒரு கட்டுரையும் படிக்காமல் தெரியும். நாங்களும் இருபது வருடமாக ஃபைபரை வாய்க்கால் மாதிரியே வெட்டிக்கொண்டு வந்திருக்கிறோம்.

1964-ல் பால் பாரன் என்பவர் ராண்ட் நிறுவனத்துக்காக, அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பிறகும் பேசக்கூடிய தகவல் வலை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினார். ஒரே மையம் உள்ள வலை, பல மையம் உள்ள வலை, மையமே இல்லாத மீன் வலை என்று அவர் வரைந்த மூன்று படங்கள் இன்றும் எல்லாப் பாடத்திலும் வருகின்றன. எனக்கு உபயோகமாக இருந்தது அதிலிருந்த ஒரு கணக்கு. ஒவ்வொரு முடிச்சையும் எல்லாவற்றோடும் கட்ட வேண்டியதில்லை; மரமாக வரைய எவ்வளவு கம்பி வேண்டுமோ அதைப்போல மூன்று, நான்கு மடங்கு இருந்தாலே வலை மிகக் கடுமையான தாக்குதலையும் தாங்கும் என்று அவர் காட்டினார். எங்களால் மூன்று மடங்கு கம்பி இழுக்க முடியாது. பணம் இல்லை. ஆனால் எங்கே ஒன்றை இரண்டாக்கினால் அதிகப் பயன் என்று இப்போது தெரியும்.

படத்தைத் திரும்ப வரைந்தோம். இந்த முறை எங்கள் பொருளாக இல்லாதவற்றையும் முடிச்சாகப் போட்டோம். பாலங்கள். ரயில்வே கேட்டைக் கடக்கும் இடங்கள். எந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எந்தப் பெட்டிக்கு மின்சாரம் என்பது. அண்ணனையும் ஒரு முடிச்சாகப் போட்டேன், ஏனென்றால் மண்ணுக்கடியில் பழைய ஜாயிண்ட் எங்கே இருக்கிறது என்பது பாதிக்கு மேல் அவர் நினைவில் மட்டும்தான் இருந்தது. அதைக் கண்டு அவர் முகம் கொஞ்சம் மாறியது. மூன்று மாதம் அவரோடு பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய் ஒவ்வொரு இடத்தையும் போனில் குறித்துக்கொண்டேன். இரண்டாவது அப்லிங்கை வேறு பாலத்து வழியாக, ஒன்பது கிலோமீட்டர் சுற்றி இழுத்தோம். கம்பெனிக்காரரிடம் படம் கேட்டதோடு நிற்காமல், கடைசி முனை வரை நானே அவர்களுடைய ஆளோடு நடந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்கு ஓர் அப்லிங்கை நானே பிடுங்கிவிடுகிறேன். வாடிக்கையாளர்கள் தூங்கும் நேரம். மற்றொன்றுக்குத் தானாக மாறுகிறதா, எத்தனை நொடியில் மாறுகிறது, எந்தத் தெருவில் மாறவில்லை என்று குறித்து வைக்கிறோம். முதல் மாதம் மாறவே இல்லை. இரண்டாவது லைனின் அமைப்பில் ஒரு வரி தவறாக இருந்தது. அது ஒன்றரை வருடமாக அப்படியே இருந்திருக்கிறது. மூன்றாவது மாதத்திலிருந்து சரியாக மாறுகிறது.

போன மாதம் பிடுங்கும்போது அண்ணன் டார்ச் அடித்துக்கொண்டு ராக்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "தம்பி, ரெண்டு லைனோட பெட்டியும் ஒரே யு.பி.எஸ்.ல இருக்கு" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். ஒரு பிளக் பாயிண்ட், அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் இரண்டு வயர். எழுந்து போய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தில் அந்த இடத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை எலக்ட்ரீஷியன் வருகிறார்.